பதினான்காம் நாள் எல்லோருக்கும் பொதுவன்று
கருத்தரிக்க விரும்பும் தம்பதியர் அறியவேண்டிய உடல் அடையாளங்கள்

மடுகரையிலிருந்து வந்த அந்தப் பெண் தம் கைப்பையிலிருந்து முதலில் எடுத்தது மருத்துவச் சீட்டுகளை அன்று; தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்து, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த பதினொரு தாள்களை. ஒவ்வொரு தாளும் மாதவிலக்குத் தொடங்கிய ஒரு நாள். திருமணமாகி நான்கு ஆண்டுகள். குழந்தை வேண்டும் என்று காத்திருப்பது மூன்று ஆண்டுகளாக. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலில் நேர்ந்துகொண்டதும் உண்டு, மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கியதும் உண்டு. "பதினாலாம் நாள்தான் சேரணும்னு சொன்னாங்க சிஸ்டர். ஒரு மாசம் விடாம அப்படித்தான் இருக்கோம்" என்றார். அவர் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி, அவருடைய கணக்கை இங்கே எழுதுகிறோம். அது அவர் ஒருவருடைய கணக்கு மட்டும் அன்று. மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என எந்தப் பக்கத்திலிருந்து வருகிற தம்பதியரிடமும் இதன் ஏதேனும் ஒரு பகுதியை நாங்கள் காண்கிறோம்.

அந்தத் தாள்களை மேசைமேல் வரிசையாக வைத்து எண்ணினோம். ஒரு மாதவிலக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 33 நாள், 35, 36, மீண்டும் 34. இருபத்தெட்டு நாள் என்பது ஒரு முறைகூட வரவில்லை. ஆக, பதினான்காம் நாள் என்ற கணக்கு அவருக்கு உரியதே அன்று.

பதினான்காம் நாள் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் இந்தக் குழப்பம் தீரும். முட்டை சினைப்பையிலிருந்து வெளியாகும் நாளுக்கும் அதன் பின் வரும் மாதவிலக்குக்கும் இடைப்பட்ட காலம் ஒரு பெண்ணுக்குப் பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. பலருக்கு அது 12 முதல் 14 நாள். மாறுவது அதற்கு முந்தைய பகுதிதான், அதாவது மாதவிலக்குத் தொடங்கி முட்டை முதிர்ந்து வெளியாகும் வரையிலான காலம். இருபத்தெட்டு நாள் சுழற்சியில் பின்னிருந்து பதினான்கைக் கழித்தால் முன்னிருந்தும் பதினான்கே வருகிறது. அந்த ஒற்றுமையே ஒரு விதியைப் போலப் பரவிவிட்டது. முப்பத்தைந்து நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளியாவது ஏறத்தாழ 21ஆம் நாள். இருபத்துநான்கு நாள் உள்ளவருக்குப் பத்தாம் நாள். பழைய சாத்திரங்கள் மாதவிலக்கின் தொடக்கத்திலிருந்து பதினாறு இரவுகளைக் கருவுறும் காலம் என்றன. நீண்ட சுழற்சி உள்ள பெண்ணுக்கு அந்தப் பதினாறும் முடிந்த பின்னரே முட்டை வெளியாகும்.

இன்னொரு பிழை எண்ணத் தொடங்கும் இடத்திலேயே நேர்கிறது. நம் வீடுகளில் மாதவிலக்கின் கணக்கு பல காலமாகத் தலைக்குக் குளிக்கும் நாளை ஒட்டியே இருந்துவந்தது. கருவுற்ற பெண்ணை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வதும் அந்தக் கணக்கால்தான். விலக்கு வந்து முழுகவேண்டிய நாளில் முழுகவில்லை என்பது அதன் பொருள். ஆகவே "எத்தனையாவது நாள்?" என்று நாங்கள் கேட்டால் சிலர் குளித்த நாளிலிருந்தும், சிலர் இரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்தும் எண்ணிச் சொல்கிறார்கள். மூன்று முதல் ஐந்து நாள் வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. மருத்துவக் கணக்கில் முதல் நாள் என்பது இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள். அதற்கு முன் துளித்துளியாகக் கறை படுவதை எண்ணவேண்டாம்.

முட்டை வெளியான பின் அதன் ஆயுள் குறைவு; 12 முதல் 24 மணி நேரம். விந்தணுக்களோ, பெண்ணின் உடலில் அவற்றுக்கு உகந்த சூழல் இருந்தால், ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் கருத்தரிக்க விரும்பிய 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1995ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அதில் கருவுற்றவர்கள் அனைவருக்கும், முட்டை வெளியான நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களையும் சேர்த்த ஆறு நாள்களில் கூடியதாலேயே கரு உண்டாயிற்று. முட்டை வெளியான மறுநாள் கூடியதால் உண்டான கரு ஒன்றுகூட அந்த ஆய்வில் இல்லை. ஆகவே ஒரு மாதத்தில் நமக்கு உரியவை ஆறு நாள்களே. அவற்றுள்ளும் கடைசி இரண்டு மூன்று நாள்களில் வாய்ப்பு அதிகம். அந்த ஆறு நாள்கள் எப்போது வருகின்றன என்பதை, அவை வந்துகொண்டிருக்கும்போதே, உடல் நமக்குத் தெரிவிக்கிறதா என்பதே கேள்வி.

தெரிவிக்கிறது. ஆனால் அந்த அடையாளத்தைத்தான் நம் பெண்கள் நோய் என்று அஞ்சுகிறார்கள்.

மடுகரைப் பெண் சொன்னது எங்களுக்குப் புதிதன்று. மாதத்தின் நடுப்பகுதியில், பெரும்பாலும் 18ஆம் நாளுக்குப் பிறகு, அவருக்கு வெள்ளைப்படும். நீர்போல, முட்டையின் வெள்ளைக்கருபோல, வழவழப்பாக இருக்கும். உடம்புச் சூடு என்றும், சத்து எல்லாம் வெளியேறுகிறது என்றும் வீட்டில் சொன்னார்கள். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி உட்கொண்டார். நோய் இருக்கும்போது சேரக்கூடாது என்று அந்த நாள்களில் கணவரிடமிருந்து விலகியும் இருந்தார். அதாவது 13, 14, 15 ஆகிய நாள்களில் கணக்கு வைத்துச் சேர்ந்திருக்கிறார்கள். உடல் உண்மையில் ஆயத்தமாக இருந்த 19, 20, 21 ஆகிய நாள்களில் விலகியிருந்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லால் நாம் வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதால் வருகிற துன்பம் இது. கருப்பை வாயில் உள்ள சுரப்பிகள் மாதம் முழுவதும் ஒரு சளியைச் சுரக்கின்றன. மாதவிலக்கு முடிந்த சில நாள்கள் அது மிகக் குறைவு. வெளியுறுப்பு வறண்டிருப்பதாகவே தோன்றும். முட்டை முதிரத் தொடங்கியதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அப்போது முதலில் பசைபோல ஒட்டும் சளி வரும். பிறகு அது பாலேடுபோல வெளுத்து இளகும். அதன் பின் தெளிந்து, நீர்த்து, இரு விரல்களுக்கிடையே வைத்துப் பிரித்தால் அறுந்துபோகாமல் நூல்போல நீளும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு என்பதைவிடப் பொருத்தமான உவமை எங்களுக்குக் கிடைக்கவில்லை. சைவ உணவினர் வீட்டிலிருந்து வந்த பெண் ஒருவர் "வெண்டைக்காய் நறுக்கினா வருமே, அந்த மாதிரி" என்றார். அதுவும் சரியே.

இந்த வழவழப்பான சளிக்கு ஒரு வேலை உண்டு. மற்ற நாள்களில் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கும் கெட்டியான சளி விந்தணுக்களை உள்ளே விடுவதில்லை. இந்தச் சில நாள்களில் மட்டும் அது நீர்த்து வழிவிடுகிறது; விந்தணுக்களுக்கு உணவும் பாதுகாப்பும் தருகிறது. அவை ஐந்து நாள் உயிர்வாழ்வது இதனால்தான். முட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோன் ஏறி, சளி ஒரே நாளில் கெட்டியாகிவிடுகிறது, அல்லது வறண்டுபோகிறது. வழவழப்பு உணர்வு இருந்த கடைசி நாளை உச்சநாள் என்கிறோம். முட்டை வெளியாவது பெரும்பாலும் அந்த நாளை ஒட்டி, ஒரு நாள் முன்பின்னாக நிகழும். கடைசி நாள் என்பது மறுநாள் வறண்ட பிறகுதான் தெரியும் என்பது உண்மை. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வழவழப்பு தொடங்கிய அன்றே அந்த ஆறு நாள்களுக்குள் வந்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

பார்ப்பது கடினமன்று. சிறுநீர் கழிக்கப் போகும்போது, கழுவுவதற்கு முன், சுத்தமான துணியாலோ மெல்லிய தாளாலோ துடைத்துப் பார்த்தால் போதும். விரலை உள்ளே செலுத்திப் பார்க்கவேண்டியதில்லை. நடக்கும்போது அவ்விடத்தில் ஏற்படும் ஈர உணர்வையும் கவனிக்கலாம். இரவில் அன்றைய தன்மையை ஒரு சொல்லில் எழுதிவைத்தால் போதும்: வறட்சி, பசை, பாலேடு, வழவழப்பு. தாம்பத்திய உறவுக்கு மறுநாள் காலை பார்ப்பதில் குழப்பம் வரும். அன்று மாலை பார்த்துக்கொள்ளலாம். சளிக்கும் தும்மலுக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் இந்தச் சளியையும் குறைக்கக்கூடும். முட்டை வளரக் கொடுக்கப்படும் குளோமிஃபீன் மாத்திரையும் சிலருக்கு அப்படிச் செய்யும்.

நோயான வெள்ளை எது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், தயிர் திரிந்ததுபோலக் கட்டிகட்டியாக வருவது, மஞ்சள் அல்லது பச்சை நிறம், இரத்தம் கலந்திருப்பது, கூடவே அடிவயிற்று வலி அல்லது காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் காணவேண்டும். நோய்த்தொற்றைக் கவனியாமல் விட்டால் கருக்குழாய்களை அது பாதிக்கக்கூடும். அத்தகைய நேரத்தில் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை உதவாது. இவை எதுவும் இன்றி, மாதத்தில் சில நாள்கள் மட்டும் தெளிவாக வந்து தானே நின்றுவிடும் வழவழப்பு நோயும் அன்று, சத்திழப்பும் அன்று. மாமியார்களும் அம்மாக்களும் இந்தப் பத்தியை மட்டுமேனும் படிக்கவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

படிப்பறிவு இல்லாத பெண்ணால் இதையெல்லாம் கவனித்துச் சொல்ல முடியுமா என்று எங்கள் மாணவச் செவிலியர்கள் கேட்பதுண்டு. நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு இரண்டு முன்கதைகள் உள்ளன. 1952ஆம் ஆண்டு, அன்றைய நலவாழ்வுத் துறை அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் கேட்டுக்கொண்டதன்பேரில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் வகுத்த முன்னோடித் திட்டம் இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று தில்லியின் லோதி காலனி. மற்றொன்று பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள ராமநகரம். கருவுறும் நாள்களைத் தவிர்த்துக் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடக் கற்பிப்பதே அதன் நோக்கம். நாள்களை எண்ண உதவியாக நிறம் நிறமான மணிகள் கோத்த மாலைகளைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு மணி நகர்த்தவேண்டும். திட்டம் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை. நாள்களை மட்டும் எண்ணுகிற எந்தக் கணக்குக்கும், அது மாலையாக இருந்தாலும் இன்றைய கைப்பேசிச் செயலியாக இருந்தாலும், ஒரே குறைதான்: சுழற்சி மாறினால் கணக்கு பிழைத்துவிடும்.

அதற்கடுத்த ஆண்டு, 1953இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் கருப்பை வாய்ச் சளியைக் குறித்து ஆராயத் தொடங்கினார். அவர் மனைவியும் மருத்துவருமான எவலின் பின்னர் அதில் இணைந்தார். நாளை எண்ணாமல் உடலைக் கவனிப்பதே அவர்களுடைய முறை. 1970களின் பிற்பகுதியில் உலக நலவாழ்வு நிறுவனம் அம்முறையை ஐந்து நாடுகளில் ஆராய்ந்தது. அந்த ஐந்து இடங்களுள் ஒன்று பெங்களூர். மொத்தம் 869 பெண்கள்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தனர். கற்றுக்கொடுத்த முதல் சுழற்சியிலேயே நூற்றுக்கு 93 பேர் தம் சளியின் மாற்றத்தைப் பொருள் விளங்கும்படி பதிந்துவிட்டார்கள். கருத்தடைக்கு இதை மட்டும் நம்புவது வேறு விஷயம்; தோல்விகள் பலவற்றை அந்த ஆய்வே பதிவு செய்தது, நாங்களும் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் கவனிக்கும் திறன் பெண்களுக்கு உண்டா என்ற கேள்விக்கு அது விடை சொல்லிவிட்டது. நாற்று நடும்போது மண்ணின் ஈரத்தைக் காலாலேயே அறிகிற பெண்களுக்கு இது கடினம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

இரண்டாவது அடையாளம் உடல் வெப்பம். முட்டை வெளியான பின் ஏறும் புரோஜெஸ்டிரோன் உடலின் ஓய்வு நிலை வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவு உயர்த்துகிறது. தொடர்ந்து மூன்று நாள் காலையில் அந்த உயர்வு நீடித்தால் முட்டை வெளியாகிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அடுத்த மாதவிலக்கு வரும்போது வெப்பம் இறங்கிவிடும். இறங்காமல் 18 நாள்களுக்கு மேல் உயர்ந்தே நின்றால் சிறுநீர்ச் சோதனை செய்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இந்த அளவீடு நடந்து முடிந்ததையே சொல்கிறது. வெப்பம் ஏறிய பின் சேர்ந்து பயனில்லை. கிராமத்து வாழ்வுக்கு இது அவ்வளவாக ஒத்துவருவதும் இல்லை. விழித்தவுடன், படுக்கையைவிட்டு எழாமல், வாய் கொப்பளிக்காமல், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைக்கவேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்ட பின் அளந்தால் அளவு மாறிவிடும். இரவுப் பணி, காய்ச்சல், தூக்கமின்மை, முந்தைய இரவின் மது ஆகியவையும் அளவை மாற்றும். அதனால் எல்லோரையும் இதைச் செய்யச் சொல்வதில்லை. முட்டை வெளியாகிறதா என்ற ஐயம் உள்ளவர்களை மட்டும், இரண்டு மூன்று மாதங்களுக்கு அளந்துவரச் சொல்கிறோம். மடுகரைப் பெண்ணை அளக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்குப் பின்னர் வருகிறோம்.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் சிறுநீரில் எல்.எச். என்ற ஹார்மோனின் திடீர் உயர்வைக் காட்டுகிறது. அது தெரிந்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். நீண்ட சுழற்சி உள்ளவர் 12ஆம் நாளிலிருந்தே சோதிக்கத் தொடங்கினால் பட்டைகள் வீணாகும். வழவழப்பு தொடங்கிய நாளில் தொடங்கினால் சில பட்டைகளே போதும். சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.டி., உள்ளவர்களுக்கு அந்த ஹார்மோன் எப்போதும் உயர்ந்திருக்கக்கூடும் என்பதால் கிட் தவறான நம்பிக்கை தரலாம். சிலருக்கு மாதத்தின் நடுவில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சிறு வலி வரும். வந்தால் குறித்துக்கொள்ளலாம், வரவில்லை என்றால் குறை ஒன்றும் இல்லை.

நாள் தெரிந்த பின் எத்தனை முறை என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலோர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை, நாங்களே சொல்கிறோம். வழவழப்பு உள்ள நாள்களில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சேரலாம். விந்தைச் சேமித்து வைத்தால் வலிமை கூடும் என்று பத்து நாள், பதினைந்து நாள் விலகியிருப்பது தவறு. நீண்ட இடைவெளியில் விந்தணுக்களின் நகர்வு குறைகிறது. உறவுக்குப் பின் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருக்கவேண்டியதில்லை. கடையில் விற்கும் வழுக்குப் பசைகள் பல விந்தணுவின் நகர்வைத் தடுக்கக்கூடும், உமிழ்நீரும் அப்படியே. அடையாளங்களைக் கவனிப்பதே மன அழுத்தமாகிவிடும் தம்பதியரும் உண்டு. "இன்னைக்குத்தான் நாள்" என்று மனைவி சொல்லும்போது கணவருக்கு அச்சம் வந்துவிடுகிறது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது எளிது: குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இயல்பாகச் சேருங்கள். அந்த ஆறு நாள்களும் அதில் அடங்கிவிடும்.

ஆனால் இயல்பாகச் சேர்வதற்கு வாழ்க்கை இடம்கொடுப்பதில்லையே என்பதும் உண்மைதான். ஆலையில் வாரம் ஒரு முறை மாறும் பணிநேரம். வெளியூரில் வேலை, மாதம் இருமுறை மட்டும் வீடு. சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். அமாவாசை, வெள்ளி, செவ்வாய் என்ற விலக்குகள். புதுமணப் பெண்ணாக இருந்தால் ஆடி மாதம் முழுவதும் தாய்வீடு. ஒவ்வொன்றையும் குறை கூற நாங்கள் வரவில்லை. இவற்றையெல்லாம் கழித்தால் ஓர் ஆண்டில் உண்மையில் எத்தனை மாதங்கள் அந்த ஆறு நாள்களில் சேர்ந்திருந்தார்கள் என்று கேட்டால், சில தம்பதியரின் விடை மூன்று அல்லது நான்காக இருக்கிறது. அவர்களுக்கு "ஓர் ஆண்டு முயன்றும் குழந்தை இல்லை" என்ற சொல்லே பொருந்தாது. விடுப்பு எடுக்கும் நாளை மாற்றுவதே அவர்களுக்கு முதல் மருந்து.

இனி, இந்த அடையாளங்கள் சொல்லாதவற்றைச் சொல்லவேண்டும். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பதைச் சளி சொல்லாது. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம். இருமலே இல்லாமலும் அது கருப்பையைத் தாக்கக்கூடும். கணவரின் விந்தணு எப்படி இருக்கிறது என்பதையும் மனைவியின் எந்த அடையாளமும் சொல்லாது.

மடுகரைப் பெண்ணின் கதைக்குத் திரும்புவோம். அவரிடம் ஓர் இரத்தப் பரிசோதனை முடிவும் இருந்தது. வேறோர் இடத்தில் எடுத்தது. மாதவிலக்கின் 21ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் அளவு குறைவு, எனவே முட்டை வெளியாகவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. அன்றுமுதல் "எனக்கு முட்டையே வர்றதில்லை" என்ற வருத்தத்தோடு அவர் வாழ்ந்திருக்கிறார். உறவினர் வீட்டு வளைகாப்புகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அந்தப் பரிசோதனை முட்டை வெளியான ஏழு நாள் கழித்து, அதாவது அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுக்கவேண்டியது. இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21ஆம் நாள். முப்பத்தைந்து நாள் உள்ளவருக்கு 28ஆம் நாள். அவருக்கு 21ஆம் நாளில் எடுத்தால் குறைவாகத்தான் இருக்கும்.

மூன்று மாதம் அவர் குறிப்பேடு எழுதிவந்தார். முதல் மாதத்தில் உச்சநாள் 21, வெப்பம் ஏறியது 22ஆம் நாள், இரண்டாம் மாதம் 20, 21, மூன்றாவதும் அவ்வாறே. 28ஆம் நாளில் மறுபடி இரத்தம் எடுத்தோம். முட்டை வெளியாகியிருந்தது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அவ்வளவில் கதை முடிந்துவிடவில்லை. அந்த மூன்று மாதமும் சரியான நாள்களில் சேர்ந்தும் கரு உண்டாகவில்லை. கணவரைப் பரிசோதிக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம், கூட வந்திருந்த அவருடைய தாயார், "அவனுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? அவன் நல்லாத்தானே இருக்கான்!" என்றார். மூன்று ஆண்டுகளில் மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை எல்லாம் நடந்திருந்தன. கணவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் தனித்தோ சேர்ந்தோ இருக்கிறது. வலியில்லாததும் செலவு குறைந்ததுமான பரிசோதனை அவருக்குரியதே. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின், ஆய்வகத்திலேயே தனியறையில் மாதிரி கொடுக்கலாம். வீட்டில் எடுத்தால் உடற்சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கவேண்டும். மடுகரையிலிருந்து பேருந்தில் வருபவருக்கு முன்னதே நல்லது. ஆண்மைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்பதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான்காம் மாதம் அந்தக் கணவர் தாமாகவே வந்தார். விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் குறைவாக இருந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. அவருடையது அதற்கும் கீழே. ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கிறோம். இதற்கிடையே ஹான்ஸ் போடுவதையும் மதுவையும் நிறுத்தச் சொன்னோம். கொதிகலனுக்கு அருகே நிற்கும் வேலையை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்க ஒரு கடிதமும் கொடுத்தோம். விதைப்பைக்கு வெப்பம் ஆகாது. விதைப்பையில் நரம்பு முடிச்சு உள்ளதா என்று அறுவை மருத்துவர் பார்ப்பார்.

எப்போது மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: பெண்ணின் வயது 35க்குக் கீழ் என்றால், கருத்தடை இன்றி ஓராண்டு முயன்ற பின், 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்துக்குப் பின். சிலர் அதுவரையும் காத்திருக்கவேண்டாம். மாதவிலக்கு 21 நாளுக்கு முன்போ 35 நாளுக்குப் பின்போ வருவது வழக்கமாக இருந்தால், மாதக்கணக்கில் வராமலே இருந்தால், வலி தாங்க முடியாமல் இருந்தால், முன்பு காசநோயோ, அடிவயிற்று அறுவையோ, கருக்குழாயில் கருத்தங்கியதோ இருந்தால், ஆணுக்குச் சிறுவயதில் விதை இறங்காமல் இருந்திருந்தால் உடனே வரவேண்டும். அந்தரா ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் சற்றுப் பொறுக்கலாம்; கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கும் நிலை திரும்ப 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். அது ஊசியால் வந்த மலட்டுத்தன்மை அன்று. முயற்சியைத் தொடங்கும் அன்றே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடவேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது, கரு தங்கியது தெரியவரும் முதல் வாரங்களிலேயே.

வரும்போது மூன்று மாதக் குறிப்பைக் கொண்டுவாருங்கள். நாட்காட்டித் தாளாக இருந்தாலும், பள்ளிக்கூட நோட்டாக இருந்தாலும் சரி. விலக்குத் தொடங்கிய நாள், வழவழப்பு இருந்த நாள்கள், சேர்ந்திருந்த நாள்கள் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் முதல் வருகையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். தேவையற்ற பரிசோதனை ஒன்றிரண்டும் குறையும். இருவரும் சேர்ந்து வாருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் மற்றவரை அழைத்து வரும்படி நாங்கள் திருப்பி அனுப்பமாட்டோம், ஆனால் கேட்போம்.

மடுகரைத் தம்பதியரின் மறுபரிசோதனை தை மாதத்தில். குறிப்பேட்டை இப்போதும் எழுதிவருகிறார்கள். இரவுப் பணி வரும் வாரங்களைக் கணவர் தம் கையாலேயே சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறார். வெள்ளைப்படுதலுக்கு வாங்கிய மாத்திரைகளில் மீதியிருந்தவற்றை அந்தப் பெண் எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.